முதலில் மூச்சை விடுங்கள்: சிசேரியன் மயக்க ஊசிக்கு முன் செய்யும் பயிற்சி

ஆபரேஷன் தியேட்டரில் என் இடம் நோயாளியின் முன்பக்கம். முதுகுப் பக்கம், முதுகுத்தண்டில் ஊசி போட, மயக்க மருந்து டாக்டர் இருப்பார். மேசை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே நான் நிற்பேன். ஸ்டாஃப் நர்ஸாக 17 வருடமாக இங்கேதான் நிற்கிறேன். தலையைக் குனிந்து என் தோளில் நெற்றியைச் சாய்த்ததும் அவர்களுடைய மூச்சு என் கழுத்தில் படும். எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்பது மானிட்டரைத் திரும்பிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பெண் வந்தாள். முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்ததால் சிசேரியன் என்று முடிவாகியிருந்தது. மேசையில் ஏறி உட்கார்ந்ததுமே உடம்பு நடுங்க ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவளைத் தேற்றினேன். "டீப் பிரீத் எடுங்கம்மா, நல்லா இழுங்க, இன்னும் இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் சொன்னபடி இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போகிறது என்றாள். விரல் நுனியெல்லாம் சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றாள். பிறகு கை விரல்கள் தானாக மடங்கி விறைத்துக்கொண்டன. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் அலற, எனக்கும் கை கால் ஓடவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்பக்கம் வந்தார். ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "இழுக்க வேணாம்மா. விடு. மெதுவா விடு. இன்னும் கொஞ்சம் விடு." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். சில நிமிடங்களில் மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். ஆனாலும் ஏற்கெனவே பயந்திருந்த பெண்ணை இன்னும் பயமுறுத்தியது என் வார்த்தைதான். அன்றிலிருந்து "இழுங்க" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

சிசேரியனுக்குத் தேதி குறித்துக்கொண்டு காத்திருக்கும் பெண்களுக்கும், பிரசவம் எப்படிப் போகுமோ என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், கூட வரப்போகிறவர்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி இது. மற்ற ஆபரேஷன்கள் என்றால் பதற்றம் தணிய முன்கூட்டியே மருந்து கொடுப்பது உண்டு. சிசேரியனில் குழந்தை வெளியே வரும்வரை அந்த மருந்துகளைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். தாயின் ரத்தத்தில் கலப்பது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்விடும். அதனால் முதுகில் ஊசி போடும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்ட உங்கள் மூச்சு பெரிய துணை.

ஏன் விடுவதில் தொடங்க வேண்டும்

பயந்தால் நாம் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வோம். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் உடம்பு செய்வது அதைத்தான். பிறகு அதன் மேலேயே இன்னொரு மூச்சை இழுப்போம். நெஞ்சுக்குள் பழைய காற்று அப்படியே நிற்க, புதிதாக இழுக்க இடமிருக்காது. இழுக்க முடியவில்லையே என்ற பயத்தில் இன்னும் வேகமாக இழுப்போம். உள்ளே இருப்பதை வெளியே விட்டால்தான் அடுத்த மூச்சு தாராளமாகப் போகும்.

கர்ப்பிணிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்ப காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், மூச்சைத் தூண்டிவிடும் ஹார்மோன். ஒரு நிமிடத்தில் நுரையீரலுக்குள் போய்வரும் காற்றின் அளவு வழக்கத்தைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். சாதாரணமாக 40 மில்லிமீட்டர் (பாதரச அளவில்) இருப்பது, கர்ப்ப காலத்தில் 30-ஐ ஒட்டி நிற்கும். அந்த நிலையில் வேக வேகமாக இழுத்து விட்டால் அது இன்னும் இறங்கும். உதடு மரத்துப்போவது, விரல் மடங்கிக்கொள்வது, தலை சுற்றுவது எல்லாம் அதனால்தான். கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்கும் அது நல்லதில்லை. ஆகவே வேகமாக ஊதித் தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா போன்றவை இந்த நேரத்துக்கு வேண்டாம். மூச்சை உள்ளே நிறுத்தி வைத்து எண்ணும் பயிற்சிகளையும் நான் சொல்லித்தருவதில்லை. நிறை மாதத்தில் அடக்கி வைத்தால் திணறல்தான் வரும்.

மெதுவாக விடும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணியும். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும். தியேட்டர் மானிட்டரின் பீப் ஒலியைக் கவனித்தால் சிலருக்கு இந்த வித்தியாசம் காதிலேயே கேட்கும். விடும் நேரத்தை நீட்டினால், நிதானப்படுத்தும் வேலை நடக்கும் நேரமும் நீளும்.

வீட்டில் பழகும் முறை

மல்லாந்து படுத்துச் செய்யாதீர்கள். நிறை மாதத்தில் கருப்பையின் எடை வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், தலை கிறுகிறுக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், அல்லது நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்.

வயிற்றில் கை வைத்து "வயிறு உப்பட்டும், சுருங்கட்டும்" என்று சொல்லித்தருவது மற்றவர்களுக்குச் சரி. வயிற்றை நிறைத்துக்கொண்டு குழந்தை இருக்கும்போது அது எங்கே உப்பும்? மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையே 4 சென்டிமீட்டர் வரை மேலே தள்ளப்பட்டிருக்கும். அதற்கு ஈடாக விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து இடம் கொடுத்திருக்கும். ஆகவே கையை வயிற்றில் வைக்காமல், மார்புக்குக் கீழே இரண்டு பக்க விலாவிலும் வையுங்கள். கட்டைவிரல் முதுகுப் பக்கம், மற்ற விரல்கள் முன்பக்கம். காற்று போய்வருவது அங்கேதான் தெரியும்.

இப்போது முதல் வேலை விடுவது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு உட்காரும்போது "அப்பாடா" என்று வருமே, அந்த மூச்சு. உதட்டை லேசாகக் குவித்து, சூடான தம்ளரை ஆற்ற ஊதுவதுபோல் மெல்லிய காற்றாக விடுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஆறு வரை போனால் நல்லது. நான்கில் முடிந்துவிட்டால் நான்கே போதும். கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுக்க வேண்டியதில்லை. வயிற்றை எக்கவும் வேண்டாம். தோள் இறங்குகிறதா, கை வைத்த இடத்தில் விலா உள்ளே அடங்குகிறதா, அதை மட்டும் பாருங்கள்.

விட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருங்கள். காற்று மூக்கு வழியாகத் தானாக உள்ளே வரும். அதை எண்ணாதீர்கள். இந்தப் பயிற்சியில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இது. இழுப்பதையும் எண்ணத் தொடங்கினால் மனம் "நாலு வரை இழுக்கணும்" என்று அதிகமாக இழுக்கப் பார்க்கும். பயந்திருக்கும்போது எண்ணிக்கை வேறு தப்பும், தப்பியதும் இன்னும் பதறும். விடுவதை மட்டும் எண்ணுங்கள். உள்ளே வருவதை உடம்பு பார்த்துக்கொள்ளும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு மூச்சு வரும். சிலருக்குப் பத்து வரும், அதுவும் சரியே.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், காலையும் மாலையும். இரண்டு, மூன்று வாரம் செய்தால் எண்ணத் தொடங்கியதுமே தோள் இறங்கும் பழக்கம் உடம்புக்கு வந்துவிடும். நாளைக்கு ஆபரேஷன் என்று இன்றுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும், இன்று இரவு பத்து மூச்சு பழகிக்கொண்டு வாருங்கள். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்ப கால ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குனிந்து உட்கார்ந்து பழகுங்கள்

அமைதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பழகியவர்கள் தியேட்டரில் தடுமாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அங்கே நாங்கள் உட்கார வைக்கும் விதமே வேறு. முதுகில் ஊசி போடும்போது கால் ஸ்டூலில் இருக்கும். மடியில் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்வோம். தாடை நெஞ்சைத் தொட வேண்டும், இடுப்புக்கு மேலே முதுகு பூனை வளைப்பதுபோல் வெளிப்பக்கம் வளைய வேண்டும். வயிறும் மார்பும் ஒன்றோடொன்று அழுந்தும். குனிந்த நெஞ்சுக்குள் பெரிய மூச்சு போகாது. அந்த நேரத்தில் "மூச்சு முட்டுதே" என்று நிமிர்ந்துவிடுவார்கள். டாக்டர் தடவிக் கண்டுபிடித்த இடம் விலகிப்போகும்.

ஆகவே கடைசி ஒரு வாரமாவது, தினமும் ஐந்தாறு மூச்சை இந்த நிலையில் செய்து பாருங்கள். உறுதியான நாற்காலி, காலுக்கடியில் ஒரு முக்காலி, மடியில் தலையணை. தாடையை இறக்கிக்கொண்டு மெதுவாக விடுங்கள். விட விட முதுகு தானாக இன்னும் கொஞ்சம் வளைவதைக் கவனிப்பீர்கள். டாக்டருக்கு வேண்டியதும் அதுதான். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி அப்போது விரிந்து கிடைக்கும். உள்ளே வரும் மூச்சு சின்னதாக இருக்கும், அது போதும். சில இடங்களில் இடது பக்கம் சுருண்டு படுக்க வைத்து ஊசி போடுவார்கள். படுத்தபடி முழங்காலை வயிற்றை நோக்கி மடக்கி, அதையும் ஒரு முறை செய்து பாருங்கள்.

கூட ஒருவர் இருந்தால் ஈரத் துணியால் முதுகைத் தொடச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு

காத்திருக்கும் நேரம்தான் பலருக்கு ஊசியைவிடக் கொடுமை. டிரிப்ஸ் ஏறியிருக்கும், உடை மாற்றியிருப்பார்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. முழு நேரமும் பயிற்சி செய்துகொண்டே இருக்காதீர்கள், களைத்துப்போவீர்கள். பத்து மூச்சு செய்துவிட்டு யாருடனாவது பேசுங்கள். மறுபடி படபடப்பு வந்தால் இன்னொரு பத்து. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் வாய் உலர்ந்திருக்கும். வாயால் விட்டால் இன்னும் உலரும். அப்போது மூக்கு வழியாகவே விடலாம். உதட்டை மூடி "ம்ம்ம்" என்று முனகியபடி விட்டாலும் மூச்சு தானாக நீளும். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தாலும் அதைச் செய்யலாம். மூக்கைப் பொத்தி மாற்றி மாற்றி விடும் நாடிசுத்தி பழகியவர்கள் அதையே செய்யலாமா என்று கேட்பார்கள். வார்டில் செய்யலாம். தியேட்டருக்குள் ஒரு கையில் டிரிப்ஸ், மறு கையில் பிபி கஃப், விரலில் ஆக்சிமீட்டர். கை தேவைப்படாத பயிற்சிதான் அங்கே உதவும்.

டிராலியில் தள்ளிக்கொண்டு போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடும். அதைப் பார்த்தே பலர் கலங்குவார்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது தள்ளிக்கொண்டு வருபவரின் முகத்தைப் பாருங்கள். அவசர சிசேரியன் என்றால் இதற்கெல்லாம் நேரமே இருக்காது. சுற்றிலும் எல்லோரும் ஓடுவார்கள், ஒரே நேரத்தில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் டிராலி கதவைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை நீளமாக விடுங்கள். மூன்றே மூன்று. பெயர் கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு நிதானம் வந்துவிடும்.

ஊசி போடும் நிமிடம்

முதலில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாத தொடுதல்தான் உடம்பைத் தூக்கிவாரிப் போடுகிறது.

முதலில் முதுகைத் துடைப்பார்கள். அந்த மருந்து சில்லென்று இருக்கும், கீழே வழியும். நான் பார்த்தவரை பாதிப் பேர் ஊசிக்கு முன்பே இந்தக் குளிர்ச்சியில்தான் துள்ளுகிறார்கள். ஈரத் துணியால் தொடச் சொன்னது இதற்காகத்தான். பிறகு விரலால் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் அழுத்தித் தடவிப் பார்ப்பார்கள். அடுத்தது மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று சில நொடி எரியும். அதன் பிறகு போடும் ஸ்பைனல் ஊசி மிக மெல்லியது. வலியைவிட அழுத்தம்தான் தெரியும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளுக்கு இடையில். "தண்டுவடத்துல குத்திடுமா சிஸ்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்த இடத்தில் திரவத்தில் மிதக்கும் நரம்பிழைகள்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு விடும் மூச்சு. இதுதான் கணக்கு. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "தொடும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்." அவர் "இப்ப குளிரும்" என்றதும் விடத் தொடங்குங்கள். "இப்ப சுருக்னு இருக்கும்" என்றதும் விடத் தொடங்குங்கள். விட்டுக்கொண்டிருக்கும்போது உடம்பு துள்ளுவது குறைவு. அடக்கிக்கொண்டிருக்கும் உடம்புதான் வெடுக்கென்று நிமிரும்.

சென்ற மாதம் ஒரு பெண். தலையணையை இறுக்கியிருந்த விதத்தில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தன. நெற்றி என் தோளில். நான் அவள் காதோரம், அவளுக்கு மட்டும் கேட்கும்படி எண்ணினேன். "விடுங்க… ஒண்ணு… ரெண்டு… மூணு…" மூன்றுக்கு மேல் அவளால் போக முடியவில்லை. சரி, மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது மூச்சிலும் மூன்று. மூன்றாவதில் நாலு வந்தது. டாக்டர் மருந்தைத் தடவினார், ஒரு சிலிர்ப்பு, ஆனால் முதுகு அசையவில்லை. ஐந்தாவது மூச்சில் தலையணையிலிருந்து ஒரு கை மெல்ல விலகி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. "ஊசி எப்ப போடுவாங்க சிஸ்டர்?" என்று முணுமுணுத்தாள். "போட்டாச்சும்மா, எடுக்குறாங்க" என்றேன்.

பிரசவ வலி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் வலி வரும்போது "வலி வருது" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் நிறுத்திக் காத்திருப்பார். ஊசி போகும்போது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டினால் நகராமல், எந்தக் கால் என்று வாயால் சொல்லுங்கள். அவருக்கு அது முக்கியமான தகவல்.

படுக்க வைத்த பிறகு

ஊசி போட்டதும் சீக்கிரமாகப் படுக்க வைப்போம். கால் முதலில் கதகதக்கும், பிறகு கனக்கும், பிறகு தூக்க வராது. மரப்பு மெல்ல மார்பு வரை ஏறும். சிசேரியனுக்கு அந்த அளவு வேண்டும். இங்கேதான் பலருக்கு இரண்டாவது பயம் வருகிறது.

என் இரண்டாவது குழந்தை சிசேரியன். இந்த வேலையில் இருப்பவள், எல்லாம் தெரிந்தவள், அன்றைக்கு எனக்கே நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மூச்சு விடுகிறேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. காரணம் எளியது. விலாக்கள் விரிந்து சுருங்கும் உணர்வு மரத்துப்போகிறது. மூச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் ஓடுவது உறைக்காது. மூச்சை நடத்தும் உதரவிதானத்துக்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. அது தொடர்ந்து வேலை செய்யும்.

அந்த நேரத்தில் விலாவைத் தேடாதீர்கள், அங்கே ஒன்றும் தெரியாது. கவனத்தை மூக்கு நுனிக்குக் கொண்டுவாருங்கள். ஏதோ வாசனை வருகிறதா என்று பார்ப்பதுபோல் மூக்கை ஒரு முறை உறிஞ்சுங்கள். காற்று குளிர்ச்சியாக உள்ளே போவது தெரியும். பிறகு "ஹா" என்று விடுங்கள், அந்தச் சத்தம் உங்கள் காதில் விழட்டும். உணர முடியாத மூச்சைக் காதால் கேட்கலாம். பிபி கஃப் அடிக்கடி கையை இறுக்கும். அதையே மணியாக வைத்துக்கொள்ளுங்கள். இறுகத் தொடங்கியதும் விடத் தொடங்குங்கள்.

ஆனால் இங்கே மூச்சுப் பயிற்சியை நம்பிப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. குமட்டினாலோ, தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ உடனே சொல்லுங்கள். அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதன் அறிகுறி. மருந்து கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய விஷயம் அது. கை விரல் மரத்தாலோ, கையை இறுக்கிப் பிடிக்க முடியாவிட்டாலோ, குரல் எழும்பாமல் கிசுகிசுப்பாகப் போனாலோ அதையும் அந்த நொடியே சொல்லுங்கள். மரப்பு தேவைக்கு மேல் ஏறுகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். "என் கையை அழுத்துங்க, ஏதாவது பேசுங்க" என்று அவர் கேட்பதும் இதற்காகத்தான். உடம்பு நடுங்கினால் பயம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பைனலுக்குப் பிறகு நடுக்கம் பலருக்கும் வரும், மூச்சால் அது நிற்காது. பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர்த்திக்கொள்ளுங்கள், போர்த்திவிடச் சொல்லுங்கள்.

குழந்தையை எடுக்கும் நொடியில் மேல் வயிற்றை அழுத்துவார்கள். வலி இருக்காது, நெஞ்சை முட்டும் அழுத்தம் இருக்கும். அப்போதும் அதே வேலைதான்: அடக்காமல் ஊதி விடுங்கள்.

முழு மயக்கம் என்றால்

சிலருக்கு முதுகில் ஊசி போட முடியாது, அல்லது அதற்கு நேரம் இருக்காது. முழு மயக்கம் கொடுக்கும் முன் முகத்தில் மாஸ்க்கை இறுக்கமாக வைப்பார்கள். பிளாஸ்டிக் வாசனை வரும், மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் வருவது ஆக்சிஜன். கர்ப்ப காலத்தில், மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சி நிற்கும் காற்று ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருக்கும், உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனோ கூடியிருக்கும். ஆகவே தூங்க வைத்ததும் இருப்பு சீக்கிரம் தீரும். அதற்கு முன்பே நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பி வைக்கிறார்கள். வழக்கமாக மூன்று நிமிடம் இயல்பாக மூச்சு விடச் சொல்வார்கள். அவசரம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் எட்டு ஆழ்ந்த மூச்சு எடுக்கச் சொல்வார்கள். அப்போது நான் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கையை மறந்துவிட்டு, அவர் சொல்கிறபடி இழுங்கள். மருந்து போகும்போது யாராவது உங்கள் குரல்வளைக்குக் கீழே விரலால் அழுத்தக்கூடும். வயிற்றில் இருப்பது மேலே வராமல் தடுக்கத்தான் அது.

வீட்டில் ஒரு கையைக் குழித்து மூக்கையும் வாயையும் லேசாக மூடியபடி நாலைந்து மூச்சு விட்டுப் பாருங்கள். சூடான காற்று முகத்திலேயே திரும்பி அடிக்கும் உணர்வு பழகிவிடும்.

கூட இருப்பவர்களுக்கு

"பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் பயம்தான் ஞாபகம் வரும். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் சத்தம் கேட்கும்படி மெதுவாக விடுங்கள். நாலைந்து மூச்சில் அவள் மூச்சு உங்களுடையதோடு சேர்ந்துகொள்ளும். எண்ணுவதாக இருந்தால் ஒருவர் மட்டும் எண்ணுங்கள். அம்மா ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம் என்று மூன்று எண்ணிக்கை ஓடினால் அவள் எதைப் பின்பற்றுவாள்? எண்ண எண்ணக் குரல் தணிய வேண்டும். அவளால் ஆறு வரை போக முடியவில்லை என்றால் உங்கள் எண்ணிக்கையை அவள் மூச்சுக்குத் தக்கபடி சுருக்கிக்கொள்ளுங்கள்.

என் துறையில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அதுதான். தோளைப் பிடித்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மூச்சு வரை அவள் எப்படி விடுகிறாள் என்று கேளுங்கள். மூன்றாவது மூச்சு வெளியே வரும்போது அதோடு சேர்ந்து "ஒண்ணு" என்று தொடங்குங்கள். டாக்டர் "முடிஞ்சுது, படுக்க வைங்க" என்று சொல்லும்வரை எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.